எந்தக் கிண்ணத்தில் இறால்

என் இடது முன்கையில் பேனாவால் எண்கள் எழுதி, ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் ஒரு துளி மருந்து வைத்து, துளியின் நடுவே சின்ன ஊசியால் லேசாகக் குத்திக்கொண்டு வந்தார் சிஸ்டர். ரத்தம் வராது. எறும்பு கடித்ததுபோல் இருக்கும், அவ்வளவுதான். உணவு ஒவ்வாமை பற்றிய ஆராய்ச்சிக்கு ஆட்கள் வரத் தொடங்குவதற்கு முன்பு, ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் நாங்கள் ஒருவர் கையில் ஒருவர் குத்திப் பழகிக்கொண்டிருந்த நாட்கள் அவை. முதல் துளி ஹிஸ்டமின். அது எல்லோருக்கும் தடிக்க வேண்டும். இரண்டாவது வெறும் உப்பு நீர். அது யாருக்கும் தடிக்கக் கூடாது. இந்த இரண்டும் சரியாக இருந்தால்தான் மற்றத் துளிகள் சொல்வதை நம்பலாம். பிறகு பால், முட்டை, நிலக்கடலை, வீட்டுத் தூசியில் வாழும் உண்ணி, கடைசியாக இறால்.

கால் மணி நேரம் கையை மேசைமேல் நீட்டி வைத்திருக்க வேண்டும். சொறியக் கூடாது. பத்து நிமிடம் ஆவதற்குள் இறால் துளி இருந்த இடம் வெளுத்து மேடாகி, ஓரம் சிவந்து, ஹிஸ்டமின் தடிப்பைவிடப் பெரிதாக நின்றது. உண்ணித் துளியும் தடித்திருந்தது.

சிஸ்டர் அளவுகோலை வைத்துப் பார்த்தார். மயிலாடிக்காரர், பரம்பரை சைவம்.

"ஏம்மா, கொளச்சல்காரிக்குப் போயி றாலு ஆவலையா? எனக்கு ஆவலேண்ணாலும் ஒரு நியாயம் இருக்கு" என்று சிரித்தார்.

நானும் சிரித்துவிட்டுச் சுடிதார் கையை இழுத்து மூடிக்கொண்டேன்.

எங்கள் வாப்பா குளச்சல் கடற்கரையில் இறால் எடுத்துக் கம்பெனிகளுக்கு அனுப்புகிறவர். உம்மாவும் மைனியும், அதாவது வளைகுடாவில் இருக்கும் என் அண்ணன், காக்காவின் மனைவியும், வீட்டின் பின்முற்றத்தில் பெட்டிபெட்டியாக அதை உரித்துக் கொடுப்பவர்கள். உம்மா இன்றைக்கும் கையெழுத்துக்குப் பதில் பெருவிரல்தான் வைப்பார். எங்கள் குடும்பத்தில் ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போய், கல்லூரியையும் முடித்த முதல் ஆள் நான். 'ஆய்வு உதவியாளர்' என்று அச்சடித்த அடையாள அட்டையைப் பேருந்திலும் கழற்ற மாட்டேன். அது பெருமைதான், மறைப்பதற்கில்லை. அந்தப் பெருமையோடு வீட்டில் எல்லோருக்கும் உடம்பைப் பற்றிப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஆராய்ச்சியை நடத்தும் டாக்டரை நாங்கள் மேடம் என்போம். மதுரைப் பக்கத்துக்காரர். என் கையைப் பார்த்துவிட்டு அவர் சாதாரணமாகச் சொன்னார்.

"தோல் தடிச்சா ஒவ்வாமைன்னு அர்த்தம் இல்ல. உடம்பு அதை அடையாளம் கண்டு வெச்சிருக்கு, அவ்வளவுதான். தூசி உண்ணியிலயும் இறால்லயும் ஒரே மாதிரி ஒரு புரதம் இருக்கு. உண்ணிக்குத் தடிக்கிற கை இறாலுக்கும் தடிக்கலாம். சாப்பிட்டு எப்பவாவது ஏதாவது வந்திருக்கா?"

"இல்ல மேடம்."

"அப்போ எப்பவும் போல சாப்பிடு."

இது எனக்குத் தெரியாததா? நோயாளிகளுக்குக் கொடுக்கும் துண்டறிக்கையில் இதே வாக்கியங்களைத் தமிழில் எழுதியவளே நான்தான். ஆனால் அன்று பேருந்தில் வீட்டுக்குப் போகும்போது, சாப்பிட்டு ஒன்றும் வந்ததில்லை என்று நான் சொன்னது உண்மைதானா என்று மனம் கேட்க ஆரம்பித்தது. ஒன்பதாம் வகுப்பில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போய் வந்த பிறகு வயிறெல்லாம் திட்டுத்திட்டாக எழும்பியதே, அன்று என்ன சாப்பிட்டேன்? இறால் உரிக்க உட்கார்ந்தால் விரல் இடுக்கு அரிக்குமே, அது ஐஸ் தண்ணீராலா, இறாலாலா? குளச்சல் வந்து சேர்வதற்குள் என்னிடம் ஒரு நோயாளியின் முழு வரலாறும் தயாராகிவிட்டது.

பிறர் வரலாறுகளைக் கேட்டு எழுதுவதுதான் என் வேலை. அதுவே எனக்கு வினையாயிற்று. இராஜாக்கமங்கலம் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். பிறந்தது முதல் இறால் சாப்பிட்டவர், ஒரு நாளும் ஒன்றும் செய்ததில்லை. ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வேகமாக நடந்து போனவர், உதடு வீங்கி, மூச்சு அடைத்து, ரோட்டிலேயே விழுந்துவிட்டார். பிழைத்தது அதிர்ஷ்டம். "இத்தன வருசம் தின்னது எங்க போச்சு, சொல்லு பிள்ளே" என்று என்னிடம் கேட்டார். நான் அதை அப்படியே தட்டச்சு செய்தேன். இப்போது அந்தக் கேள்வி என் தட்டுக்கு முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டது.

இறால் சாப்பிடுவதை நிறுத்தினேன். யாரிடமும் சொல்லவில்லை.

இறால் சமைக்காத நாள் எங்கள் வீட்டில் குறைவு. முதலில் வயிறு சரியில்லை என்றேன். எத்தனை நாள் அதைச் சொல்வது? பிறகு நோன்பு என்றேன். கடமையில்லாமல் விரும்பி வைக்கும் சுன்னத்தான நோன்பு என்றதும் உம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. விடியுமுன் எழுந்து எனக்குச் சஹர் சோறு ஆக்கிப் போட்டார். பொய்யை மெய்யாக்குவதற்காகவே நானும் பகல் முழுக்கப் பட்டினி கிடந்தேன். நோன்பு திறக்கும்போது பேரீச்சம்பழம், கஞ்சி, அதோடு எழுந்துவிடுவேன்.

மைனிதான் முதலில் கணக்குப் போட்டாள்.

"மாமி, கவனிச்சியளா? றாலு ஆக்குத அன்னைக்கெல்லாம் இவளுக்கு நோன்பு. மத்தி ஆக்குனா நோன்பு இல்ல."

"சும்மா இரி. நல்ல காரியத்தக் கொறை சொல்லாத."

"நான் என்ன கொறை சொன்னேன்? ஆஸ்பத்திரிக்காரிக்கு நமக்க றாலு நாறுதாக்கும். அட்டையில மணம் புடிச்சா பெரிய டாக்டர்மாரு பக்கத்துல இருக்கமாட்டாவல்லா."

மறுத்துச் சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் என்ன சொல்வது? எந்தப் பண்டத்தின் நடுவே என்னை வளர்த்தார்களோ அது என் உடம்புக்கு விஷமாக இருக்கலாம் என்றா? உம்மா அதைத் தன் குற்றமாக எடுத்துக்கொள்வார். அது ஒரு காரணம். இன்னொன்று, இத்தனை நாள் எல்லோருக்கும் பாடம் எடுத்த நானே ஒரு கேஸாகிப் போனேன் என்று மைனி முன்னால் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அடுக்களையில் இறால் வேகும் ஆவி வந்துவிடக் கூடாது என்று ஜன்னலையும் சாத்தினேன்.

அதற்குப் பிறகு உம்மாவிடம் ஒரு மாற்றம் தெரிந்தது. நான் வேலை முடிந்து வரும் நேரத்துக்கு முன்பே உரிக்கிற வேலையை நிறுத்திவிடுவார். எலுமிச்சைத் தோலை வைத்துக் கையைத் தேய்ப்பார். சோப்பு போடுவார். மறுபடியும் எலுமிச்சை. உடுத்தியிருந்ததை மாற்றிக்கொண்டு வந்துதான் எனக்குத் தேயிலை தருவார். ஒரு நாள் டம்ளரை நீட்டுமுன் தன் விரல்களை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்துக்கொண்டதை நான் பார்த்துவிட்டேன். அவர் நான் பார்த்ததைக் கவனிக்கவில்லை. 

ஆய்வுக்கூடத்தில் அப்போது வேறொரு வேலை நடந்துகொண்டிருந்தது. ஒருவருக்கு இறால் உண்மையிலேயே ஒத்துக்கொள்ளவில்லையா என்று உறுதி செய்ய ஒரு வழிதான் உண்டு. டாக்டர் பக்கத்திலிருக்க, சிறிது சிறிதாகக் கூட்டிச் சாப்பிட வைத்துப் பார்ப்பது. ஒரு நாள் இறால் கலந்த கிண்ணம், இன்னொரு நாள் கலக்காத கிண்ணம். எது எது என்று சாப்பிடுகிறவருக்கும் தெரியக் கூடாது, கொடுக்கிறவருக்கும் தெரியக் கூடாது. பயத்தாலேயே சிலருக்கு அரிக்கும் என்பதால் இந்த ஏற்பாடு. அதற்காக ஏத்தம்பழத்தை, நேந்திரம்பழம்தான், அவித்து மசித்து, கருப்பட்டி, சுக்கு, கொக்கோ எல்லாம் போட்டு, வேகவைத்து உலர்த்திப் பொடித்த இறாலை அதற்குள் ஒளிக்கப் பார்த்தார் மேடம். ஒளிந்துவிட்டதா என்று பார்க்க அவர் தேர்ந்தெடுத்தது இரண்டு மூக்குகளை. ஒன்று சைவக்காரரான சிஸ்டருடையது, மற்றது மீன் வீட்டுக்காரியான என்னுடையது.

மூன்று கிண்ணம் வைப்பார்கள். மூடியைத் திறந்ததுமே நான் சொல்லிவிடுவேன், "நடுவுல உள்ளது."

"எனக்கு மீன்வண்டி தெரு முக்குல திரும்பும்போதே தெரியும். எனக்கே ஒண்ணும் தெரியல, இவளுக்கு எப்படித் தெரியுது?" என்பார் சிஸ்டர். "மூக்கா, பூனையா?"

ஒரு தடவைகூட நான் தவறவில்லை. அந்த நாட்களில் எனக்குக் கிடைத்த ஒரே சந்தோஷம் அது. நாலாவதோ ஐந்தாவதோ முறை மேடம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மோந்து பார்க்கிற. ஏன் ருசி பார்க்க மாட்டேங்கிற?"

நான் கிண்ணத்தின் மூடியைத் திரும்ப வைத்தேன்.

"நிறுத்திட்டியா? யார் நிறுத்தச் சொன்னது?"

அன்றுதான் வாயைத் திறந்தேன். இராஜாக்கமங்கலத்து அம்மாவைப் பற்றி, நோன்பைப் பற்றி, உம்மா விரலை முகர்ந்ததைப் பற்றி எல்லாம் சொன்னேன். மேடம் திட்டினார். திட்டி முடித்துவிட்டு, "உனக்கே செஞ்சு பார்த்துடலாம். ஆராய்ச்சிக் கணக்குல உன்னைச் சேர்க்க மாட்டேன். உனக்கு ஒரு பதில் வேணும்" என்றார். அதன்பிறகு அந்தக் கலவையை இன்னும் எப்படி மாற்றினார் என்பதை என் கண்ணில் காட்டவில்லை.

முதல் நாள் காலை. ஒரு வாரமாக எந்த அலர்ஜி மாத்திரையும் தொடவில்லை. தேவைப்பட்டால் மருந்து ஏற்றக் கையில் ஊசி செருகி வைத்தார்கள். தட்டில் அவசரத்துக்கு அட்ரினலின் தயாராக இருந்தது. மருந்தகத்தில் ஒருவர் இரண்டு கிண்ணங்களையும் தயார் செய்து, எது எந்த நாளுக்கு என்பதை எழுதி உறையில் போட்டு ஒட்டியிருந்தார். எத்தனை பேரிடம் "பயப்படாதீங்க, நாங்க எல்லாரும் பக்கத்துல இருக்கோம்" என்று சொல்லியிருக்கிறேன். அந்தக் கட்டிலில் படுத்த பிறகு, அது எவ்வளவு சின்னச் சொல் என்று தெரிந்தது.

முதலில் கரண்டி நுனியளவு. வாய்க்கு அருகில் வந்ததுமே மணம் பிடிபட்டது. இருக்கிறது. இதில் இறால் இருக்கிறது. வாயைத் திறந்து சொல்லக் கூடாது என்பதால் விழுங்கினேன். இருபது நிமிடம் கழித்து இரண்டாவது. மூன்றாவது கொடுத்த கொஞ்ச நேரத்தில் கழுத்தில் ஓர் ஊறல். பிறகு காதுக்குப் பின்னால். பிறகு தொண்டைக்குள் ஏதோ திரண்டு நிற்பதுபோல். நாடி துடிக்கும் சத்தம் காதில் கேட்டது. நான் எழுதிய வரலாறுகளெல்லாம் இப்படித்தான் தொடங்கும்: 'முதலில் கழுத்தில் அரிப்பு.'

"மேடம், எனக்கு வருது."

மேடம் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். சிஸ்டர் ரத்த அழுத்தம் பார்த்தார். வாயைத் திறந்து பார்த்தார்கள். கழுத்தை விளக்கடித்துப் பார்த்தார்கள்.

"நகம் போன கோடுதான் இருக்கு. தடிப்பு காணலையே" என்றார் சிஸ்டர்.

"மூச்சு நல்லா இருக்கு. கொஞ்சம் பொறுத்து அடுத்தது கொடுக்கலாமா?" என்றார் மேடம்.

"வேண்டாம் மேடம். நிறுத்துங்க."

நிறுத்தினார்கள். அரை மணி நேரத்தில் எல்லாம் அடங்கிவிட்டது. மேடம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அடுத்த வாரம் மத்தக் கிண்ணம். அதுக்கப்புறம்தான் உறையைப் பிரிப்போம். அதுவரைக்கும் எதையும் முடிவு பண்ணாதே" என்றார்.

நான் முடிவு செய்துவிட்டுத்தான் பேருந்து ஏறினேன். மூக்கு சொன்னது, கழுத்து சொன்னது, இனி உறை எதற்கு?

அன்று மாலை உம்மாவைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னேன். எனக்கு றாலு ஒத்துக்காது. ஆஸ்பத்திரியில் சோதித்துப் பார்த்தார்கள். உயிருக்கே ஆபத்தாகலாம்.

உம்மா என் கழுத்திலிருந்த கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுக்காக்கும் நோன்பா?"

"ஆமா உம்மா."

"நான் நெனச்சேன் மக்கா, படிச்ச பெறவு ஒனக்கு எங்களக் கண்டா அறப்பாயிட்டுண்ணு." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அது ஆறுதல்தான் என்று நினைத்தேன்.

மறுநாள் வேலை முடிந்து வந்தபோது பின்முற்றம் காலியாக இருந்தது. பெட்டிகள் இல்லை, ஐஸ் இல்லை, மனைப்பலகைகள் கழுவிச் சாத்தப்பட்டிருந்தன. பிளீச்சிங் பொடியின் நெடி கண்ணைக் கரித்தது. இனி இறால் நம் வீட்டுக்கு வரக் கூடாது, வேறு வீட்டுக்கு அனுப்புங்கள் என்று உம்மா வாப்பாவிடம் சொல்லிவிட்டிருந்தார். வாப்பாவும் அப்படியே செய்துவிட்டார்.

மைனி மட்டும் காலி முற்றத்தில் உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து நிமிராமலே சொன்னாள்:

"ஏட்டி, நீ பள்ளிக்கூடம் போய்ப் படிச்ச சோலி ஒனக்கு. நான் பதினாறு வயசுல இருந்து படிச்ச சோலி இது ஒண்ணுதான். ஒத்தச் சொல்லுல அத எடுத்துட்டியே."

"நான் வேல செய்யாதீங்கண்ணு சொல்லல மைனி."

"நீ சொல்லாண்டாம். ஒனக்க கழுத்து சொல்லிச்சு."

அந்த வாரம் முழுக்க வீட்டில் மீனும் ஆக்கவில்லை. பப்படமும் பயறும். உம்மா பெரும்பாலும் சும்மா உட்கார்ந்திருந்தார். சும்மா இருக்கும் உம்மாவை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை.

இரண்டாவது நாள் சோதனைக்கு ஒரு சடங்குபோலத்தான் போனேன். மூடியைத் திறந்து கொடுத்தார்கள். கருப்பட்டி, சுக்கு, பழம். வேறு ஒரு மணமும் இல்லை. வெறும் கிண்ணம் என்று நிம்மதியாகச் சாப்பிட ஆரம்பித்தேன். கரண்டி நுனி, அரைக் கரண்டி, ஒரு கரண்டி, என்று கூட்டிக்கொண்டே போய்க் கிண்ணம் முழுவதும் காலி. இடையிடையே சிஸ்டரிடம் அவர் மகனின் ஹாஸ்டல் கதையைக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தேன். இரண்டு மணி நேரம் வைத்திருந்து பார்த்தார்கள். ஒன்றும் இல்லை.

மேடம் உறையைப் பிரித்துப் படித்தார். பிறகு அந்தத் தாளை என்னிடமே தந்தார்.

முதல் நாள், வெறும் பழம். இரண்டாம் நாள், இறால்.

"மாத்தி எழுதியிருப்பாங்க மேடம்" என்றேன்.

"மாத்தி எழுதல. மிச்சம் எடுத்து வெச்சிருக்கு, வேணும்னா நீயே சோதிச்சுப் பாரு."

"எனக்கு மணம் தெரிஞ்சது. கழுத்து அரிச்சது. நான் பொய் சொல்லல."

"பொய்னு யார் சொன்னா? அரிச்சது நிஜம். அதுக்குக் காரணம் கிண்ணத்துல இல்ல, அவ்வளவுதான்." உறையை மடித்துப் போட்டுவிட்டு, "இறால் உனக்கு ஒத்துக்கும். வீட்டுல போய்ச் சாப்பிடு" என்றார்.

மகிழ்ச்சியாக இருந்திருக்க வேண்டும். எனக்குக் காது மடலெல்லாம் சூடாகியிருந்தது. பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து என் துப்பட்டாவை முகர்ந்து பார்த்தேன். சோப்பு மணம் மட்டும். அதற்கு முந்தைய வாரம்வரை எங்கள் துணிகளெல்லாம் பின்முற்றத்துக் கொடியில்தான் காயும், உரித்த ஓட்டுக் குவியலுக்கு மேலே. ஒருவேளை அன்று கரண்டியோடு என் மூக்குக்கு வந்த மணம் என் மேலேயே இருந்ததோ என்னவோ. நிச்சயமாகச் சொல்ல முடியாது. நிச்சயமாகச் சொன்னதையெல்லாம் அந்த வாரம் நான் திரும்ப வாங்க வேண்டியிருந்தது.

உம்மா நம்பவில்லை.

"காயிதத்துல எளுதினத நம்பவா? ஒனக்க கழுத்துல கோடு கோடா கெடந்தத எனக்க கண்ணால கண்டேனே."

"அது நான் நகத்தால மாந்துனது உம்மா. றாலு இல்ல. அன்னைக்குத் தின்னது வெறும் பழம்."

"பளத்துக்கு யாருக்காவது கழுத்து அரிக்குமா?"

"எனக்கு அரிச்சுது. பயத்துல."

"அன்னைக்கு உயிருக்கு ஆபத்துண்ணு சொன்னதும் நீதான். இன்னைக்கு ஒண்ணும் இல்லேண்ணு சொல்லுததும் நீதான். நான் எதப் புடிக்க?"

 என்னுடைய படிப்பின் மேல் உம்மாவுக்கு இருந்த நம்பிக்கையில்தான் முற்றம் காலியானது. இப்போது அதே வாயால் அதைத் திருப்பப் பார்த்தால் எப்படி முடியும்? இவர்கள் கண் முன்னால் சாப்பிட்டுக் காட்டுவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

மைனியிடம் போய் நின்றேன். "ஒரு பிடி றாலு தீயல் வச்சுத் தாங்க மைனி."

"வச்சுத் தாறேன். நீ மயங்கி விளுந்தா நாலு பேரு எனக்க மூஞ்சியத்தான் பாப்பாவ. ஒனக்க காக்கா போன் போட்டுக் கேப்பாவ."

"விழ மாட்டேன்."

"போன வாரம் சாவப்போறேண்ணும் நீ இப்பிடித்தான் உறுதியாச் சொன்னே" என்றாள். ஆனால் எழுந்து தேங்காய் வறுக்கப் போனாள்.

வெள்ளிக்கிழமை, வாப்பா ஜும்ஆ தொழுகைக்குப் போயிருந்த நேரம். அரிசி ஒறட்டியும் தீயலும் என் முன்னால் வந்தன. உம்மா எதிரில் உட்கார்ந்து என் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மைனி அடுக்களை வாசலில் நின்றாள். மேடம் இல்லை, தட்டில் அட்ரினலின் இல்லை. முடிவு எழுதிய தாள் என் பைக்குள் இருந்தது. அது எனக்கே அப்போது போதுமானதாகத் தோன்றவில்லை.

முதல் கவளம் வாயில் வைத்தேன். வறுத்த தேங்காயும் புளியும் இறாலும். எத்தனை நாளாயிற்று. இரண்டாவது கவளம். மூன்றாவது போகும்போது, காதுக்குக் கீழே, அதே இடத்தில், ஊறல் தொடங்கியது.

கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டேன். தூக்கவில்லை. உம்மாவின் கண்ணுக்கு எப்படித் தெரிந்ததோ.

"அரிக்குதா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். நோன்பு என்று சொன்ன வாய்தானே இது.

"அரிக்குது உம்மா."

உம்மா தட்டைப் பிடித்து இழுத்தார். நான் மறு ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன். மைனி போன் விளக்கைப் போட்டுக்கொண்டு ஓடிவந்தாள்.

"நிமிரு. அந்தப் பக்கம் திரும்பு." முடியை ஒதுக்கி, கழுத்தைச் சுற்றி விளக்கடித்துப் பார்த்தாள். "தடிப்பு ஒண்ணும் இல்ல மாமி. வேர்வையாக்கும்."

"நல்லாப் பாரு."

"நல்லாத்தான் பாக்குதேன். இவ மாந்தாம இருந்தா ஒரு கோடும் வராது."

"பாத்துட்டே இரிங்க உம்மா" என்றேன். "ஏதாவது தடிச்சா நானே தட்டத் தள்ளிருவேன். கார் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருவோம்."

மூன்று பேரும் காத்திருந்தோம். விளக்கை அணைக்காமல் மைனி என் பக்கத்திலேயே குந்தியிருந்தாள். பள்ளிவாசலில் குத்பா பிரசங்கம் முடிந்து தொழுகை தொடங்கும் சத்தம் ஒலிபெருக்கியில் வந்தது. ஊறல் கூடவில்லை. போகவும் இல்லை. மூச்சை இழுத்துப் பார்த்தேன், தாராளமாக இறங்கியது. நாலாவது கவளத்தை எடுத்தேன். ஐந்தாவது எடுக்கும்போது உம்மா தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார் என்பதைக் கவனித்தேன்.

தட்டு காலியாகும்வரை உம்மா பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் கழுத்திலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்.

"நாளைக்குப் பெட்டி எறக்கச் சொல்லட்டா, வாப்பாட்ட?"

மைனி விளக்கை என் கழுத்திலிருந்து முகத்துக்குத் திருப்பினாள். கண் கூசியது. காதுக்குக் கீழே இன்னும் அரித்துக்கொண்டுதான் இருந்தது.

"சொல்லுங்க" என்றேன்.